கங்காரு பராமரிப்புத் துணிகள்: மலைநாட்டுக் குளிருக்கு எது சரிவரும், எதைத் தொடவே கூடாது

குறைமாதப் பிள்ளைக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் அதன் நிறை பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு அக்கம் பக்கம்தான் இருக்கும். வார்ட்டில் சூடேற்றிய அறை இருந்தது, இன்கியூபேட்டர் இருந்தது, இரவில் கண் விழித்துப் பார்க்கத் தாதி இருந்தார். வீட்டில் இருப்பது தகரக்கூரை போட்ட லயத்துக் காம்பரா. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாத விடியற்காலையில் அங்கே பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும், சில நாட்களில் உறைபனியும் விழும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அவ்வளவு கடுமையில்லை என்றாலும், ஆனி ஆடி மழையில் நாட்கணக்காக வெயிலே தலைகாட்டாது. இந்தக் குளிருக்குப் பயந்து உறவினர்கள் டவுனுக்குப் போய்க் கையில் கிடைப்பதையெல்லாம் வாங்கி வருகிறார்கள். அவற்றில் பாதி பயனற்றவை, சில ஆபத்தானவை.

கங்காரு பராமரிப்பு என்பது பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சில் தோலோடு தோல் சேர்த்துச் சூடாக வைத்திருப்பது. அதற்கு எவை வேண்டும் என்ற முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டே: பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்து வைக்கும், இழுபடும் பருத்திக் குழாய்த்துணி, 32 பாகையிலிருந்து காட்டும் சாதாரண டிஜிட்டல் தேர்மோமீட்டர். மற்றவை வீட்டிலேயே இருக்கும், அல்லது தேவையே இல்லை.

எடை குறைந்த பிள்ளையின் தோலடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதிலும் தலை பெரிது. பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்குத் தெரியாது. உடம்பு குளிர்ந்ததும், இருக்கிற கொஞ்ச நஞ்சச் சீனியையும் ஒட்சிசனையும் எரித்துச் சூடாகப் பார்க்கும். அதனால் இரத்தத்தில் சீனி இறங்கும், பிள்ளை சோர்ந்து பால் உறிஞ்சாமல் போகும், பால் போகாததால் இன்னும் குளிரும். இந்தச் சுழல் ஒரே இரவில் பிள்ளையைத் திரும்பவும் வார்ட்டுக்குக் கொண்டுவந்துவிடும். இதை உடைக்க மிகச் சிறந்த வழி தாயின் தோல். 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியூபேட்டர் போதாத வைத்தியசாலையொன்றில் தொடங்கிய முறை இது. பிறகு இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1.8 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்து 2021 இல் வெளியானது. உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த கையோடு தோலோடு தோல் வைத்த பிள்ளைகளில் முதல் 28 நாள் இறப்பு 12 வீதம், வழக்கம்போல் காத்திருந்து தொடங்கியவர்களில் 15.7 வீதம். 2022 இல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதத்திலோ நிறை குறைந்தோ பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை இதைச் செய்யச் சொல்லிவிட்டது.

எட்டு மணித்தியாலம் யாராலும் கையால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. துணியின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலாவது, குழாய்த்துணி. பருத்தியோடு கொஞ்சம் லைக்ரா கலந்து, இரண்டு பக்கமும் திறந்த உறை மாதிரித் தைத்திருப்பார்கள். தாய் அதை இடுப்பு வழியாகவோ தலை வழியாகவோ போட்டு, பிள்ளையை நெஞ்சில் வைத்த பிறகு மேலே இழுத்துவிட்டால் போதும். முடிச்சு இல்லை, கொக்கி இல்லை, ஒரு கையால் சரிசெய்யலாம், நள்ளிரவில் கரண்ட் இல்லாத காம்பராவிலும் தடவிப் போடலாம். என் கணிப்பில் மலைநாட்டுக்கு இதை மிஞ்சியது இல்லை. குறை இரண்டு. அளவு பிசகினால் துணி முழுவதுமே வீண். கொதிநீரில் போட்டால் லைக்ரா செத்துவிடும், அதன்பிறகு பிள்ளை மெல்ல மெல்லக் கீழே நழுவும். வாங்கும்போது துணியைக் குறுக்காக இழுத்துவிட்டுப் பாருங்கள். விட்டதும் பழைய அளவுக்கே சுருங்க வேண்டும். பொலியெஸ்டர் அதிகமுள்ளது வழவழவென்று நல்ல துணி போலத் தெரியும், ஆனால் வியர்வையை உள்ளேயே பிடித்துவைக்கும். நனைந்த தோல் காய்ந்த தோலைவிட வேகமாகக் குளிரும்.

அளவைக் கடைக்காரர் சொல்லும் எஸ், எம், எல்லை நம்பி எடுக்க வேண்டாம். ஒரு கிலோ அரிசிப் பக்கெட் இரண்டை ஒன்றாகக் கட்டி, துவாயால் சுற்றி, பிள்ளையை வைக்கும் இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். எழுந்து நில்லுங்கள், கொஞ்சம் குனிந்து நிமிருங்கள், அரை மணித்தியாலம் வீட்டுக்குள் நடமாடுங்கள். பொட்டலம் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அந்த அளவு பெரிது. துணிக்கும் பொட்டலத்துக்கும் நடுவே உள்ளங்கையைச் சிரமமில்லாமல் நுழைக்க முடியாவிட்டால் சிறிது. தோட்டத்தில் தையல் தெரிந்தவர் இருந்தால் கடைக்கே போகத் தேவையில்லை. மார்புக்குக் கீழே சுற்றளவு 80 சென்ரிமீற்றர் என்றால் குழாயின் சுற்று 70 அளவில் இருக்கலாம், உயரம் 45 முதல் 50 வரை. தையல் மடிப்பு வெளிப்பக்கம் வரட்டும், உள்ளே வந்தால் பிள்ளையின் முதுகில் கோடு விழும். தைத்த பிறகு அதே அரிசிச் சோதனைதான்.

இரண்டாவது, பழைய வொயில் சேலை. இதைக் குறைவாக எண்ண ஒன்றுமில்லை. பாதிச் சேலையை எடுத்து அரை மீற்றர் அகலத்துக்கு மடித்து, பிள்ளையின் முதுகின்மேல் வைத்து, இரண்டு முனையையும் தாயின் முதுகில் குறுக்காகக் கொண்டுபோய், முன்னால் பிள்ளையின் பிட்டத்துக்குக் கீழே தாங்கலாகக் கொண்டுவந்து பக்கவாட்டில் முடிய வேண்டும். பருத்தி என்றால் நன்றாக நிற்கும். நைலோன், ஜோர்ஜெட் சேலைகள் வழுக்கும், வேண்டாம். இதில் தவறுவது முடிச்சு. ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் தளரத் தொடங்கும், அசந்து தூங்கும் தாய்க்கு அது தெரியாது. பகலில் சேலை, இரவில் குழாய்த்துணி என்று வைத்துக்கொண்டால், வெயில் உள்ள மாதங்களில் ஒரு குழாய்த்துணியோடும் சமாளிக்கலாம்.

மூன்றாவது, வெல்க்ரோ பட்டியும் தோள்வாரும் வைத்துத் தைத்த உறை. புதிதாக இருக்கும்போது நல்ல பிடிப்பு, சிசேரியன் செய்த தாய்மாருக்கும் போட எளிது. ஆனால் வெல்க்ரோவில் நூலும் பஞ்சும் சேர்ந்து சில கழுவலிலேயே பிடி விட்டுப்போகும். பால் கொடுக்கத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வரும் சர்ரென்ற சத்தத்தில் குறைமாதப் பிள்ளை திடுக்கிட்டு விழிக்கும். யாராவது பரிசாகக் கொடுத்தால் பாவியுங்கள். காசு கொடுத்து வாங்கச் சொல்லமாட்டேன்.

நான்காவது, வளையம் வைத்த தொட்டில் பை, கிளிப் வைத்த பேபி கேரியர் வகை. இணையத்தில் அதிகம் விளம்பரமாவதும் வெளியூரில் வேலை செய்யும் சொந்தக்காரர்கள் அனுப்பிவைப்பதும் இதைத்தான். குறைமாதப் பிள்ளைக்கு இதை எடுக்கவே கூடாது. பைக்குள் பிள்ளை வில் மாதிரி வளைந்து படுக்கும், நாடி நெஞ்சில் போய் முட்டும், நூல் போன்ற மூச்சுக்குழாய் மடங்கிவிடும். பிள்ளை அழாது, உதைக்காது, சத்தமில்லாமல் மூச்சு நின்றுபோகும். 2010 இல் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு நான்கு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கும் இந்தப் பைகளைப் பற்றி எச்சரிக்கை விட்டது. கிளிப் கேரியர்களோ இதைவிட நிறை கூடிய பிள்ளைக்காக வடிவமைத்தவை. பெட்டியிலேயே குறைந்தபட்ச நிறை அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்தாலே போதும்.

எந்தத் துணியானாலும் உள்ளே பிள்ளை இருக்கும் விதம் ஒன்றுதான். தாய் உள்சட்டையைக் கழற்ற வேண்டும், நடுவில் துணி இருந்தால் சூடு இறங்காது. பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, நெப்பி. கடும் குளிரென்றால் முன்பக்கம் முழுவதும் திறந்த கையில்லாச் சட்டை. நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து நிமிர்த்தி, இரண்டு மார்புக்கும் நடுவே வையுங்கள். கால்கள் தவளைக்கால் போல மடங்கி விரிந்திருக்கட்டும், கைகளும் மடங்கியே இருக்கட்டும். தலையை ஒரு பக்கம் திருப்பி, நாடியை மிக இலேசாக உயர்த்திவிடுங்கள். பின்னால் சரிந்தும் விடக்கூடாது, முன்னால் மடிந்தும் விடக்கூடாது. துணியின் மேல் விளிம்பு பிள்ளையின் காதுக்குக் கீழே வரட்டும், கீழ் விளிம்பு பிட்டத்தைத் தாண்டி இறங்கட்டும். நெஞ்சுப் பகுதியில் இறுக்கம் இருக்கலாம், வயிற்றுப் பகுதியில் இருக்கக்கூடாது, ஏனென்றால் பிள்ளை வயிற்றால்தான் மூச்சு விடுகிறது. நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையே உங்கள் விரலொன்று போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நிறத்தைப் பாருங்கள், மூக்கு வெளியே தெரிகிறதா பாருங்கள்.

மலைநாட்டில் பெரும்பாலும் பிழை நேர்வது இந்தக் கடைசி விஷயத்தில். குளிர் தாங்காமல் தாயின் தலையிலிருந்து கம்பளியை இழுத்துப் பிள்ளையின் தலைக்கு மேலாகவும் போர்த்திவிடுவார்கள். கம்பளியின் விளிம்பு பிள்ளையின் தோளோடு நிற்க வேண்டும். தாய் ஜெர்சியை முன்பக்கம் திறந்து, பிள்ளையின் முதுகை மூடுகிற அளவுக்குப் பொத்தான் போடலாம். தலைக்குத் தொப்பி போதும்.

இரவில் தாய் நிமிர்ந்த சாய்வில்தான் படுக்க வேண்டும். 15 முதல் 30 பாகைச் சாய்வு போதுமானது. முதுகுக்கு இரண்டு தலையணையும் மடித்த கம்பளியும் வைத்தால் அது கிடைத்துவிடும். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். ஈரச்சுவர் தொடாமலே சூட்டை உறிஞ்சும். தாய்க்கு ஓய்வு வேண்டும்போது தகப்பனோ அம்மாயியோ கட்டிக்கொள்ளலாம். அதற்கென்றே இரண்டாவது துணியைத் தகப்பனின் அளவில் எடுப்பது நல்லது. குடித்திருப்பவரும், தூக்க மருந்து எடுத்தவரும் கட்டவே கூடாது.

தாயின் உடல்நிலையையும் சேர்த்துத்தான் துணியைத் தெரிவு செய்ய வேண்டும். குறைமாதப் பிரசவங்களில் பல, தாயின் பிரஷர் ஏறி வலிப்பு வருவதற்குள் பிள்ளையை வெளியே எடுத்தவை. பிள்ளை பிறந்ததோடு அந்த ஆபத்து தீர்ந்துவிடாது. முதல் சில நாட்களில் பிரஷர் திரும்ப ஏறலாம், ஆறு கிழமை வரைக்கும் கவனம் வேண்டும். மாத்திரை இரண்டு நேரம் என்று எழுதியிருந்தால் இரண்டு நேரமும் போட வேண்டும். பொறுக்க முடியாத தலைவலி, கண்ணில் பொட்டுப் பொட்டாக மின்னுவது, நெஞ்சுக்குழியில் அல்லது வலப்பக்க விலாவின் கீழ் வலி, மூச்சு வாங்குவது என்று வந்தால், அப்போதே பிள்ளையை இன்னொருவரின் நெஞ்சுக்கு மாற்றிவிட்டு 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். இரத்தம் குறைந்த தாய்மாருக்கு எழும்போது தலை சுற்றும். கட்டிலில் உட்கார்ந்து ஒரு நிமிடம் கழித்து எழட்டும், பிள்ளையோடு படியிறங்கித் தண்ணீர் எடுக்கப் போக வேண்டாம். சிசேரியன் என்றால் முடிச்சோ பட்டியோ தையலின்மேல் வராத துணியாகப் பாருங்கள். குழாய்த்துணியை அப்போது தலை வழியாகப் போடுவது சுகம்.

அடுத்தது தேர்மோமீட்டர். பழைய இரசக் கண்ணாடித் தேர்மோமீட்டர் 35 பாகையில்தான் ஆரம்பிக்கும். காய்ச்சலைக் காட்டுமே தவிர, பிள்ளை 34க்கு இறங்கியிருந்தால் அதற்குத் தெரியாது. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியும் வேண்டாம். அந்த வகையில் பெரும்பாலானவை 15 பாகைக்கு மேற்பட்ட அறையில் பாவிக்கவென்று செய்தவை, விடியற்காலைக் காம்பராவில் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. முனை வளையும் டிஜிட்டல் தேர்மோமீட்டரை எடுங்கள். பெட்டியில் அளவெல்லை 32 முதல் என்று இருக்கிறதா பாருங்கள். குளிர்ந்து கிடந்தால் உள்ளங்கையில் சூடாக்கி, காய்ந்த அக்குளின் உச்சியில் முனையை வைத்துக் கையை மடக்கிப் பிடியுங்கள். பீப் சத்தம் வந்ததும் எடுத்துவிடாமல், எண் ஏறாமல் நிற்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். மூன்று நாள் தொடர்ந்து சீராக இருக்கும்வரை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, பிறகு காலையும் இரவும் பார்த்தால் போதும்.

36.5 முதல் 37.5 வரை சரியான அளவு. 36.5க்குக் கீழே என்றால் ஈர நெப்பியை மாற்றி, தோலோடு தோல் வைத்து, மேலே போர்த்தி, பால் கொடுத்து, ஒரு மணித்தியாலத்தில் திரும்பப் பாருங்கள். ஏறவில்லையென்றால் வைத்தியசாலைக்கு. 35.5க்குக் கீழே இறங்கினாலோ 38ஐத் தொட்டாலோ காத்திருக்கக்கூடாது. பால் குடிக்க மறுப்பது, தொட்டால்தான் அசைவது, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு, விலாவுக்குக் கீழே குழி விழுவது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், இவற்றில் ஒன்று இருந்தாலும் தேர்மோமீட்டர் என்ன காட்டினாலும் 1990 தான். அம்பியூலன்ஸிலும் பிள்ளை அதே துணிக்குள் நெஞ்சோடு போகட்டும். தேர்மோமீட்டர் கைவசமில்லாத நேரம் புறங்கையால் பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடென்றால் நல்லது. பாதம் குளிர்ந்து வயிறு சூடாக இருந்தால் குளிர் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டும் குளிர்ந்திருந்தால் உடனே புறப்பட வேண்டிய நிலை.

பாமசியில் கூடவே நீட்டும் மற்றப் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்சார ஹீட்டர் 1,500, 2,000 வொற் இழுக்கும், லயத்து வயரிங் அதைத் தாங்காது. சுடுநீர்ப் பையும், சுடுநீர் நிரப்பித் துணியில் சுற்றிய போத்தலும் பிள்ளையின் தோலைப் பொத்துவிக்கும். மெல்லிய தோலுக்கு நம் கை தாங்கும் சூடே அதிகம். தணல் சட்டியைக் கதவு மூடிய காம்பராவுக்குள் வைப்பது எல்லாவற்றிலும் மோசம். கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூங்கும் குடும்பத்தையே கொன்றுவிடும். விறகடுப்புப் புகையும் பிள்ளையின் நுரையீரலுக்கு ஆகாது, அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு கதவாவது மூடியிருக்கட்டும். பெரியவர்களின் விரலில் மாட்டும் ஒட்சிசன் மெஷினைப் பிள்ளையின் காலில் மாட்டாதீர்கள், அது காட்டும் எண்ணில் அர்த்தமில்லை. கைபேசியோடு இணையும் காலுறைக் கருவிகளும் தேவையில்லை, வீண் அலாரத்தால் தாயின் தூக்கம்தான் போகும்.

தொப்பியை மட்டும் கவனமாக எடுங்கள். இரட்டை மடிப்புப் பருத்தி, நெற்றியை மூடிக் காதையும் மூட வேண்டும், கண்ணுக்கு இறங்கக்கூடாது. நாடியில் கட்டும் நாடா வேண்டாம். குறைந்தது மூன்று இருக்கட்டும், பாலோ வியர்வையோ பட்டு நனைந்த தொப்பி குளிரவே வைக்கும். கையுறை, காலுறைகளை உட்புறம் திருப்பித் தொங்கும் நூல்களை வெட்டிவிடுங்கள். ஒரு நூல் விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டால் வெளியே தெரியாது.

பால் போத்தலும் சூப்பியும் வாங்காமல், சின்ன எவர்சில்வர் கப் ஒன்று போதும். நேரடியாக உறிஞ்சும் பலம் வராத பிள்ளைக்கு, பிழிந்தெடுத்த தாய்ப்பாலை அதில் கொடுக்கலாம். வார்ட்டில் எழுதிக் கொடுத்த அளவே உங்கள் அளவு. உதாரணமாக, 1.8 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 150 மில்லிலீற்றர் என்று எழுதியிருந்தால் நாளைக்கு 270, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவையென்று எட்டாகப் பிரித்தால் ஏறக்குறைய 34 வரும். பிள்ளையை நிமிர்த்தி வைத்துக் கப்பின் விளிம்பைக் கீழுதட்டில் தொட்டுப் பிடியுங்கள், அது தானாக நக்கிக் குடிக்கட்டும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். நிறை பார்க்கத் தராசும் வேண்டாம். குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போதும் கிளினிக்கிலும் நிறுத்துக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு நாளைக்கு 15 கிராம் அளவில் ஏறினால் சூடும் பாலும் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

குழாய்த்துணி இரண்டாவது இல்லாமல் ஈரமான மாதங்களைக் கடக்க முடியாது. மழை நாளில் துவைத்தது காய இரண்டு மூன்று நாள் எடுக்கும். இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டுக் கையால் கசக்கி, நன்றாக அலசி, பிழியாமல் துவாய்க்குள் சுருட்டி அழுத்திவிட்டு நிழலில் போடுங்கள். காய்ந்ததும் இலேசான சூட்டில் அயன் பண்ணலாம். அடுப்புக்கு மேலே கொடியில் போட்டால் புகை ஏறும்.

பிள்ளை 2,500 கிராமைத் தொடும் நாட்களில் துணிக்குள் நிற்காது. கையை இழுக்கும், முறுகும், ஒவ்வொரு முறையும் அழும். அப்போது வலுக்கட்டாயமாகக் கட்டத் தேவையில்லை. குளிப்பாட்டிய பிறகும், குளிரான விடியற்காலைகளிலும் மட்டும் சில நாள் தொடரலாம். தோட்டத்தில் பிரசவ விடுமுறை 84 நாட்கள் என்பதால், தாய் திரும்பவும் மலைக்கு ஏறிப் பிள்ளை பிள்ளைக்காம்பராவுக்குப் போகும் நேரம் அநேகமாக இந்தக் கட்டம் தாண்டியிருக்கும். பாவித்து முடித்த துணியைப் பக்கத்து லயத்தில் இன்னொரு தாய்க்குக் கொடுப்பதானால், துவைத்துக் காயவைத்து, இரண்டு கிலோ அரிசியோடு அரை மணித்தியாலம் திரும்பவும் கட்டிப் பாருங்கள். நழுவினால் அது இனிக் கைத்துணிதான்.